மணலியின் பெயரேடுகள்

மணலி என்றதும் இன்று ஞாபகத்துக்கு வருவது எண்ணெய் வாடை. 1965-இல் மத்திய சர்க்காரும், ஓர் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்த மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1969-இல் இங்கே கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கத் தொடங்கியது. பின்னாலேயே உரத் தொழிற்சாலை வந்தது. 2011-இல் ஊர் சென்னை மாநகராட்சிக்குள் ஒரு மண்டலமாகச் சேர்ந்தது. டாங்கர் லாரிகளுக்கு நடுவில் சைக்கிளில் போகிறவரை நிறுத்தி, இந்த ஊரின் பூர்வீகம் என்ன என்று கேட்டால் அவர் நம்மைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார். நிலம் வாங்க வந்தவன் என்று நினைப்பார். அது நியாயமும்கூட. பூர்வீகம் என்ற சொல்லை நாம் பெரும்பாலும் பத்திர ஆபீஸ் வாசலில்தான் உச்சரிக்கிறோம்.

இருந்தும் இந்தப் பகுதியைத் தேடிக்கொண்டு ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு சாரார் ஸங்கீதக்காரர்கள். முத்துஸ்வாமி தீக்ஷிதர் இளமையைக் கழித்த ஊர் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள். மறுசாரார் கடல் கடந்து வருகிறவர்கள். டர்பனிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் ஃபிஜியிலிருந்தும் கையில் ஒரு காகித நகலோடு, பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் ஏதோ ஒரு கிராமத்தின் பெயரைத் தப்புத் தப்பாக உச்சரித்துக்கொண்டு வருகிறவர்கள். முதல் சாரார் தேடுகிற குடும்பம் சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டாம் சாரார் தேடுவது அவர்களுடைய சொந்தக் குடும்பத்தை. தமிழனுக்குச் சரித்திரப் பிரக்ஞை கிடையாது என்பது தேய்ந்துபோன புகார். எந்தக் குடும்பத்தின் கதை எழுதப்பட்டது, யாருடைய உபயோகத்துக்காக எழுதப்பட்டது என்று கேட்டால் அந்தப் புகாரைக் கொஞ்சம் வேறு விதமாகப் பார்க்கலாம். மணலி அதற்கு வசதியான இடம்.

திருவொற்றியூர்க் கோயிலின் கல்வெட்டுகளில் மணலி வருகிறது, சிங்கவிஷ்ணு சதுர்வேதிமங்கலம் என்ற மறுபெயரோடு. பல்லவன் சிம்மவிஷ்ணுவின் பெயர் அது. எனவே ஊர் ஆயிரத்து நானூறு வருஷத்துக்குக் குறையாதது. ஊர் பழையது என்பதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. பழசாக இருப்பதற்கு எந்த ஊரும் பிரயத்தனப்படுவதில்லை. கவனிக்க வேண்டியது கல்வெட்டில் யாருடைய பெயர் ஏறுகிறது என்பது. நிலம் கொடுத்தவன், விளக்குக்கு ஆடு விட்டவன், சபையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவன். இவர்கள் தகப்பன் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் நிற்கிறார்கள். நெல் குற்றுவதற்காக ஐந்து பெண்களை அவர்கள் வம்சத்தோடு கோயிலுக்குக் கொடுத்துவிட்ட சோழர் காலக் கல்வெட்டு ஒன்றும் திருவொற்றியூரில் உண்டு. வம்சம் என்பது அங்கே தானப் பொருளின் அளவு. ஐந்து பேரோடு முடியாது, பிறக்கப்போகிறவர்களும் சேர்த்தி என்பதற்காகச் சொல்லப்பட்டது. உலக்கை பிடித்த கையின் சந்ததியைப் பற்றி நம் கல்வெட்டு அக்கறை கொண்டது அந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வந்தால் மணலி என்ற சொல் ஊரை விட்டு எழுந்து ஒரு குடும்பத்தின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் கவர்னர் பிகட்டின் துபாஷி. துபாஷி என்றால் இரண்டு பாஷைக்காரன் என்று அர்த்தம். கும்பினியில் அது வியாபாரம், வட்டி, சிபாரிசு, ரகசியம் எல்லாம் சேர்ந்த உத்தியோகம். 1757-இல் கோட்டைக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் பழைய ஊர்க் கோயிலை இடித்தார்கள். பிரெஞ்சுக்காரர்களின் முற்றுகையை எதிர்பார்த்திருந்த சமயம் அது. அந்தக் கோயிலுக்குப் பதிலாகப் பூக்கடைப் பக்கம் சென்னகேசவப் பெருமாளுக்கும் சென்னமல்லீஸ்வரருக்கும் 1760-களில் இரட்டைக் கோயில் எழும்பியதில் முத்துக்கிருஷ்ண முதலியாரின் பணத்துக்கும் செல்வாக்குக்கும் பெரும் பங்கு உண்டு. சீர்காழி அருணாசலக் கவிராயரின் ராம நாடகத்தைக் கேட்டுச் சன்மானம் செய்தவரும் அவரே. திருவாரூருக்குப் போனபோது ராமஸ்வாமி தீக்ஷிதரின் பாட்டில் மனம் பறிகொடுத்து, அவரைக் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். பிகட்டின் கதை பின்னால் பரிதாபமாக முடிந்தது. இரண்டாம் தடவை கவர்னராக வந்து, 1776-இல் தன் சொந்தக் கவுன்சில்காரர்களாலேயே சிறைபிடிக்கப்பட்டு, அடுத்த வருஷம் காவலிலேயே செத்தார். துபாஷியின் பெயர் மட்டும் கோயிலிலும் பாட்டிலுமாகத் தங்கிவிட்டது. மூலதனத்தை எதில் போட்டால் நிற்கும் என்பது பிகட்டைவிட அவருக்குத் தெரிந்திருந்தது என்று சொல்லலாம்.

முத்துக்கிருஷ்ண முதலியாருக்குப் பின் அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார், சின்னையா முதலியார் என்று அறியப்பட்டவர், தீக்ஷிதர் குடும்பத்தை ஆதரித்தார். பையன்களைக் கோட்டைக்குக் கூட்டிப்போய் பாண்டு வாத்தியம் கேட்க வைத்ததும், பாலஸ்வாமிக்கு ஒரு வெள்ளைக்காரரிடம் பிடில் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்ததும் அவர்தான். கர்நாடக ஸங்கீதக் கச்சேரியில் பிடில் வந்து உட்கார்ந்ததற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியமான காரணம். முத்துஸ்வாமி அந்த பாண்டு மெட்டுகளுக்கு ஸமஸ்கிருத சாஹித்யம் செய்தார். நோட்டுஸ்வரம் என்கிறோமே, அது. பிரிட்டிஷ் ராஜாவைக் கடவுள் காப்பாற்றட்டும் என்கிற மெட்டில் அம்பாளை அழைக்க முடிந்தது. இதில் தேசியச் சிறுமை கண்டு சங்கடப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெட்டுக்குக் கோத்திரம் கேட்காத ஒரு மனம் அங்கே வேலை செய்திருக்கிறது.

இத்தனையும் நமக்கு எப்படித் தெரியும்? சுப்பராம தீக்ஷிதர் எழுதிவைத்ததால். 1904-இல் எட்டயபுரத்தில் தெலுங்கு லிபியில் அச்சான ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினியில் குடும்பத்தின் கதை வருகிறது. விரிஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி, கோவிந்தபுரம், திருவாரூர், மணலி, மறுபடி தெற்கே, கடைசியில் எட்டயபுரம் ஜமீன் என்று ஒரு பிராமணக் குடும்பம் ஆதரவைத் தேடி நடந்த பாதை முழுவதும் கிடைக்கிறது. ஆனால் சுப்பராம தீக்ஷிதர் யார்? பாலஸ்வாமி தீக்ஷிதரின் மகள் வயிற்றுப் பேரன். பிள்ளை இல்லாத தாத்தா அவரைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். ரத்தம் வந்தது பெண் வழியாக. ஏட்டில் கோடு இழுத்தது ஆண் வழியாக, ஒரு ஹோமத்தின் பேரில். வம்சாவளிகளில் உள்ள நேர்க்கோடுகளில் எத்தனை இப்படி வளைத்து நேராக்கப்பட்டவை என்று கணக்கெடுத்தால் நம் குலப்பெருமைக்காரர்கள் பலருக்குச் சங்கடமாகிவிடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தச் சுவீகாரம் இல்லாவிட்டால் புத்தகம் இல்லை. ராமஸ்வாமி தீக்ஷிதரின் 108 ராக தாள மாலிகையில் 61 ராகங்களாவது மிஞ்சியதும் அந்தப் புத்தகத்தால்தான்.

கொடுத்தவரின் பெயர் நின்றது, பாடியவரின் பெயர் நின்றது. முதலியாரின் நிலத்தை உழுதவன், எண்ணூர் உப்பளத்தில் உப்பு வாரியவன்? கும்பினிக்கு 1763-இல் செங்கல்பட்டு ஜாகீர் கிடைத்ததும் அவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று அளவெடுப்பு. பார்னார்ட் என்ற எஞ்சினீயர் 1767 தொடங்கிச் சில வருஷங்கள் இரண்டாயிரம் கிராமங்களுக்கு மேல் சுற்றினார். அந்தக் கணக்குகளில் ஏரி இருக்கிறது, நஞ்சை புஞ்சை இருக்கிறது, எந்த ஜாதிக்கு எத்தனை வீடு, கோயிலுக்கும் வெட்டியானுக்கும் எத்தனை மரக்கால் நெல் என்பது இருக்கிறது. ஓலைப் பிரதிகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. தரம்பால் இதைக் கண்டெடுத்து, காலனிக்கு முந்திய சமூகத்தின் சீரிய அமைப்பை நிறுவப் பயன்படுத்தினார். அவர் கண்ட சீர்மையில் எனக்குச் சந்தேகங்கள் உண்டு. அது வேறு கட்டுரை. இங்கே வேண்டியது இவ்வளவுதான்: சேரியில் எத்தனை வீடு என்ற எண் இருக்கிறது, ஒரு வீட்டுக்காரனின் பெயர்கூட இல்லை. 1818-இல் எல்லிஸ் மிராசு உரிமை பற்றிப் பிரசுரித்தபோதும் பரம்பரை பேசியவர்கள் மிராசுதார்கள். நிலம் இருந்தவனுக்குத்தான் முப்பாட்டன் தேவைப்பட்டான்.

இந்த நிலையில்தான் 1860-இல் ஒரு விநோதம் நடக்கிறது. அக்டோபரில் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் புறப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் ஆட்கள். 342 பேர் நவம்பர் 16-ஆம் தேதி டர்பனில் வந்து சேர்ந்தார்கள். 1911 வரை இப்படி நேட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். உடம்பில் உள்ள தழும்பு, மச்சம். கண்காணியின் தடியாலோ, ஏர்க்கால் பட்டோ ஏற்பட்ட வடு ஒன்று, அடையாளம் என்ற கட்டத்தில் ஒரு குமாஸ்தாவின் கையெழுத்தில் நிரந்தரமாகிவிட்டது.

இதில் கருணை எதுவும் இல்லை. ஆள் ஓடிப்போனால் பிடிக்க வேண்டும், செத்தால் கணக்கு முடிக்க வேண்டும், பத்து வருஷம் கழித்து இலவசக் கப்பல் சீட்டு கேட்டால் இவன்தானா என்று பார்க்க வேண்டும். ஆனால் விளைவைப் பாருங்கள். செங்கல்பட்டு ஜில்லாவின் ஒரு சேரியில் பிறந்தவனுடைய பெயரும் அவன் தகப்பன் பெயரும் அவன் ஊரும் ஒரே வரியில் எழுத்தில் ஏறின. அந்த ஊர்க் கோயிலோ கச்சேரியோ செய்யாத காரியம் அது. அவனோடு பிறந்து ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணனுக்கோ தங்கைக்கோ அப்படி ஒரு வரி கிடையாது. தொலைந்துபோனவனைக் கண்டுபிடிக்க முடிகிறது, தொலையாமல் இருந்தவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சுரேந்திர பாணா இந்தப் பட்டியல்களை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு 1991-இல் ஒரு புத்தகமே எழுத முடிந்தது. ஊரில் தங்கியவர்களைப் பற்றி அப்படி ஒரு புத்தகத்துக்கு ஆதாரம் எங்கே இருக்கிறது?

ட்ரூரோ புறப்பட்டபோது சென்னைக்குத் துறைமுகம் இல்லை. செயற்கைத் துறைமுகத்தின் வேலை 1870-களில்தான் தொடங்கியது. கப்பல் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அலையைத் தாண்டிப் போக மசூலாப் படகு. ஆணியே இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு. அலை அடித்தால் நெளிந்து கொடுக்கும். ஆணி அடித்த படகு உடைந்துவிடும். ஒப்பந்தக் கூலியைக் கரையிலிருந்து பிரித்த கடைசித் தமிழன் அந்தப் படகோட்டிதான். அவனுக்கு ராயபுரத்தில் ஓர் ஏடு கிடைத்தது. 1820-களில் படகுக்காரர்கள் தங்கள் கூலிப் பணத்தில் கட்டிய புனித பேதுருவின் கோயில் அங்கே இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் பேதுரு ராயப்பர். ராயபுரத்துக்கே பெயர் அவரால் வந்தது என்பார்கள். ஞானஸ்நானப் புத்தகத்தில் குழந்தை, தாய், தகப்பன், ஞானத் தாய்தகப்பன். தாயின் பெயர் தனியாக வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கல்வெட்டு, மிராசுக் கணக்கு, கோத்திரம் எதுவும் அதைச் செய்ததில்லை. கோயிலில் சேர்ந்தவனுக்கு ஏடு, சேராதவனுக்கு இல்லை என்பதையும் கூடவே குறிக்க வேண்டும்.

கப்பல் பட்டியலிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அது நம் பெயர் முறையிலிருந்து வருகிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. முன்னெழுத்து ஒரு தலைமுறையைத்தான் தாங்கும். தகப்பன் செத்தால் தாத்தாவின் எழுத்தும் உதிர்ந்துவிடும். அதற்கு மாற்றாகத் தாத்தா பெயரைப் பிள்ளைக்கு வைக்கிறோம். பேரன் என்ற சொல்லே பெயரன்தான். கந்தன் மகன் முருகன், முருகன் மகன் கந்தன் என்று பெயர் வட்டமடிக்கும். கோடாக நீளாது. திவசத்தில் சொல்லக்கூட மூன்று தலைமுறை போதும். அதற்கு முந்தியவர்கள் பிதுர்க்கூட்டத்தில் கலந்துவிடுகிறார்கள். மறதிக்கு ஏற்பட்ட ஒரு நாகரிகமான ஏற்பாடு இது என்றுதான் நினைக்கிறேன். வெள்ளைக்காரக் குமாஸ்தாவுக்கு இந்த வட்டம் புரியவில்லை. அவனுக்குக் கோடு வேண்டும். சொந்தப் பெயரோ, தகப்பன் பெயரோ, ஜாதிப் பட்டமோ, முதலில் காதில் விழுந்ததைக் குடும்பப் பெயராக எழுதினான். முதலி மூட்லியானார், கவுண்டர் கோவெண்டரானார், நாயக்கர் நைக்கரானார். கப்பலேறும்போது ஜாதியை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. மாற்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். எனவே டர்பனில் ஒரு மூட்லியைப் பார்த்து மணலி முதலியார்களுக்கு உறவு என்று கட்டினால் அது அசட்டுத்தனம். அந்தப் பட்டம் அவருடைய கொள்ளுத்தாத்தா கடற்கரையில் துணிந்து எடுத்துக்கொண்டதாக இருந்தால், அதற்காக நான் அவரை அதிகம் மதிப்பேன்.

சில வருஷங்களுக்கு முன் டர்பனிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். டர்பனில் குவாஜுலு-நேட்டால் பல்கலைக்கழகத்து ஆவணக் காப்பகத்தில் எடுத்த வரி ஒன்று கையில் இருந்தது. தகப்பனுக்குத் தகப்பனின் தகப்பன், ஜில்லா செங்கல்பட்டு, கிராமத்தின் பெயர் மனெல்லி என்றோ முனாலி என்றோ வாசிக்கும்படி. மணலியாக இருக்கலாம். தமிழ்நாட்டில் மணலி ஒன்றல்ல. திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலும் ஒரு மணலி உண்டு, கம்யூனிஸ்ட் தலைவர் மணலி கந்தசாமியின் ஊர். ஜில்லா என்ற கட்டம் இருந்ததால் அந்தப் பயணம் மிச்சம். கிராம நிர்வாக அலுவலர், கோயில் தர்மகர்த்தா என்று நான் ஒழுங்காக ஒரு வரிசை போட்டு வைத்திருந்தேன். அம்மாள் டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்த ஒரு பெரியவர் காகிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க வூட்ல இன்னா சாமிக்குப் படைப்பீங்கம்மா?"

மொழிபெயர்த்தேன். மாரியம்மன் என்றார் அம்மாள். ஆடியில் கூழ் ஊற்றுவோம், இங்கிலீஷில் கஞ்சிப் பூசை என்போம், எங்கள் தெருவில் ஜூலு ஆட்கள்கூட வந்து வாங்கிக் குடிப்பார்கள் என்றார்.

"அப்ப நம்ம பக்கந்தான். பங்காளிங்க யாருன்னுதான் தெரியல."

ஆடிக் கூழ் பிரதானமாகத் தொண்டைமண்டலத்து வழக்கம் என்பதால் பெரியவரின் அனுமானத்தில் விஷயம் உண்டு. ஜில்லாவைக் காகிதம் சொல்வதற்கு முன்னால் கூழ் சொல்லிவிட்டது. அதற்கு மேல் அதால் போக முடியவில்லை. பங்காளி யார் என்பதற்கு அந்த ஊரில் எவரிடமும் நான்கு தலைமுறைக்கு முந்திய பெயர் இல்லை. காகிதம் அம்மாளிடம் மட்டுமே இருந்தது. அன்று மாலைக்குள் மூன்று பேர் தங்கள் தாத்தாவின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்குமா என்று அவரிடம் கேட்டார்கள். தேடி வந்தவரிடம் தேடப்பட்டவர்கள் விசாரித்தார்கள். அம்மாள் பெயர்களை எழுதிக்கொண்டார். கண்ணீர் எதுவும் விடவில்லை. இம்மாதிரிப் பயணங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வருகிற மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ளும் காட்சிகளை நான் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அவர் கேட்டதெல்லாம், இங்கே ஏன் இவ்வளவு புகை என்பதுதான்.

இப்போது சர்க்காருக்கும் வம்சாவளி தேவைப்படுகிறது. 2024 மார்ச்சில் மொரீஷியஸில் இருக்கும் இந்திய வம்சாவளியினருக்கு ஏழாம் தலைமுறை வரை வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை உண்டு என்று குடியரசுத் தலைவர் அங்கே போய் அறிவித்தார். தமிழக அரசு 2023-லிருந்து வேர்களைத் தேடி என்று ஒரு திட்டத்தில் அயலகத் தமிழ் இளைஞர்களை அழைத்து வந்து ஊர் சுற்றிக் காட்டுகிறது. திவசத்துக்கு மூன்று போதும், அட்டைக்கு ஏழு வேண்டும். அந்த ஏழையும் நிரூபிக்க அவர்கள் போவது கூலிப் பதிவேட்டுக்குத்தான். இங்கே உள்ளவனிடம் ஏழு தலைமுறை கேட்டால், கோயில் கட்டினவனும் ஜமீனில் பாடினவனும் தவிர மற்றவர்கள் வெறும் கையோடு நிற்க வேண்டியதுதான். ஆற்றைக் கடந்து எண்ணூர்ப் பக்கம் பர்மா அகதிகளின் குடியிருப்புகள் உண்டு. அங்கே இருப்பவர்களிடமாவது 1960-களின் அகதிக் காகிதங்கள் இருக்கும். தாள் வேண்டுமானால் தமிழன் ஒரு தடவையாவது ஊரை விட்டு விரட்டப்பட்டிருக்க வேண்டும் போலிருக்கிறது.

ஃபிஜிக்கு ஆள் அனுப்புவது சென்னையிலிருந்து 1903-இல்தான் ஆரம்பித்தது. 1916 வரை ஏறக்குறைய பதினையாயிரம் பேர். அவர்களுக்குக் கொடுத்த குடியேற்றச் சீட்டில் நேட்டால் பட்டியலில் உள்ள கட்டங்களோடு இன்னொன்றும் உண்டு. மிக நெருங்கிய உறவினர் பெயர். கப்பல் ஏறுகிறவன் செத்துப்போனால் யாருக்குத் தெரிவிப்பது என்பதற்காக. அண்ணன், தாய், சிற்றப்பன் என்று ஊரில் தங்கிவிட்ட யாரோ ஒருவரின் பெயரை அவன் சொல்ல, குமாஸ்தா எழுதிக்கொண்டான். அந்தச் சீட்டுகள் சுவாவில் ஃபிஜியின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்தக் கட்டத்தில் இருப்பவர்கள் எவரும் கடலைத் தாண்டியவர்கள் அல்ல.